அளவும் கருவியும்: ஸ்கோப்பின் கிளிக் சொல்வது உண்மையா?

கேள்வி (பெருந்துறை வாசகர்): ஐயா, எங்கள் தோட்டத்துச் சாளையில் தகரக் குறிகளைச் சுட்டுப் பழகுவதற்காக 4.5 மி.மீ. ஏர் ரைபிள் ஒன்று வைத்திருக்கிறேன். குழலை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் வகை. சென்ற மாதம் அதற்கு 12 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், 40 மி.மீ. முகப்புக் கண்ணாடி கொண்ட ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். தொலைவுக்கேற்ப ஃபோகஸ் செய்யும் வளையம் அதில் இல்லை. 100 கெஜத்துக்கு நிலைப்படுத்தியது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. ஸ்கோப்பின் குமிழை ஒரு கிளிக் திருப்பினால் கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) நகரும் என்பது கணக்கு. 20 மீட்டரில் மேல்நோக்கி 20 கிளிக் திருப்பிச் சுட்டால் பெல்லட் ஒருமுறை 2 செ.மீ. ஏறுகிறது, மறுமுறை 4 செ.மீ. ஏறுகிறது. பழைய எண்ணுக்கே திருப்பினாலும் பழைய இடத்தில் விழுவதில்லை. ஸ்கோப்பில் கோளாறு இல்லை, சுடுபவர் கைதான் சரியில்லை என்கிறார் கடைக்காரர். ஸ்கோப்பை வீட்டிலேயே சோதிக்க வழியுண்டா?

பதில்: வழி உண்டு, அதற்கு ஒரு பெல்லட்கூடச் செலவாகாது. சுட்டுப் பார்த்து ஸ்கோப்பைச் சோதிக்கும்போது, ஸ்கோப்பின் பிழையோடு துப்பாக்கியின் சிதறல், பெல்லட்டின் எடை வேறுபாடு, காற்று, கண் வைத்த இடம் எல்லாம் சேர்ந்தே தாளில் துளையாக விழுகின்றன. அந்தத் துளையைப் பார்த்து இது எதனுடைய பிழை என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஆலையொன்றின் அளவுச் சோதனை அறையில் நான் வேலை பழகிய காலத்தில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அளக்க வேண்டும், மற்றவற்றை அசையாமல் கட்டிப்போட வேண்டும் என்பதையே முதற்பாடமாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியே நிறுத்தி, குமிழைத் திருப்பும்போது, உள்ளே தெரியும் குறிபார்க்கும் குறுக்குக்கோடு எவ்வளவு கோணம் நகர்கிறது என்பதை மட்டும் அளப்போம்.

அதற்கு முன் உங்கள் எண்களையே சற்றுப் பார்த்துவிடலாம். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு. அது 100 மீட்டரில் 29.09 மி.மீ., 20 மீட்டரில் 5.82 மி.மீ. இருபது கிளிக் என்றால் 5 எம்.ஓ.ஏ.; பெல்லட் 29 மி.மீ. ஏற வேண்டும். நீங்கள் கண்ட இரண்டு அளவுகளின் சராசரி 30 மி.மீ. குமிழ் தன் கணக்கை ஒழுங்காகச் செய்திருக்க, வேறொன்று ஒவ்வொரு முறையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இப்படியும் அப்படியும் இழுத்திருக்கிறதோ என்ற ஐயம் எனக்கு இங்கேயே எழுகிறது. உங்கள் ஸ்கோப்பில் அப்படி இழுக்கக்கூடியது பாரலாக்ஸ். 100 கெஜத்துக்கு, அதாவது 91.44 மீட்டருக்கு நிலைப்படுத்திய கண்ணாடியில் 20 மீட்டர்க் குறியைப் பார்க்கும்போது, குறியின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் அமைவதில்லை. கண் நடுவிலிருந்து விலகினால் குறுக்குக்கோடு குறியின்மேல் நகர்ந்ததுபோல் தோன்றும். இந்தப் பிழை அதிகபட்சம் எவ்வளவு இருக்கும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். முகப்புக் கண்ணாடியின் அரைவிட்டமான 20 மி.மீ.யை, இரு தொலைவுகளின் வேறுபாடான 71.44-ஆல் பெருக்கி 91.44-ஆல் வகுத்தால் 15.6 மி.மீ. வருகிறது. இது ஏறத்தாழ 11 கிளிக்குக்குச் சமம். கன்னம் மரத்தில் படியும் இடம் கொஞ்சம் மாறினாலே உங்கள் ஒரு சென்டிமீட்டர் வந்துவிடும் என்பதால், சோதனை முடியும்வரை ஸ்கோப்பையும் குறைசொல்ல வேண்டாம், உங்கள் கையையும் குறைசொல்ல வேண்டாம்.

இனிச் சோதனைக்கு வருவோம். சாளையைச் சுற்றி 50 மீட்டர் நீளம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். கனமான இரும்புத் தகடு ஒன்றில், உங்கள் ஸ்கோப்பின் வளையங்கள் பொருந்தும் ரெயில் துண்டை மறைதிருகிப் பொருத்துங்கள். அருகிலுள்ள லேத் பட்டறையில் அரை நாளில் செய்து தந்துவிடுவார்கள். ஸ்கோப்பின் குழலை ஒருபோதும் நேராக வைஸில் கடிக்கவிடக் கூடாது, அலுமினியக் குழல் நசுங்கினால் உள்ளே நகரும் பகுதி அங்கேயே சிக்கிக்கொள்ளும். தகட்டை வைஸில் பிடித்து, வைஸை அசையாத ஒன்றின்மேல் நிறுத்த வேண்டும். மர மேசை போதாது. பழைய ஆட்டுக்கல்லோ களத்து ஓரத்துக் கல்லுக்காலோ இருந்தால் அதைவிட நல்ல பீடம் கிடையாது.

எதிரே 50 மீட்டரில் ஒரு பலகையை நிறுத்தி, வெள்ளைத் தாள் ஒட்டி, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலின் நிழல்போலவே ஒரு நேர்கோடு வரையுங்கள். குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். அந்தக் கோட்டின் உச்சியில் கிடையாக ஒரு கோடு. அதிலிருந்து கீழே 145.4, 290.9, 436.3 மி.மீ. தொலைவுகளில் மேலும் மூன்று கோடுகள். இவை 50 மீட்டரில் முறையே 10, 20, 30 எம்.ஓ.ஏ., அதாவது 40, 80, 120 கிளிக். எஃகு அளவுகோலால் நீங்களே வரைவது நல்லது. கணினியில் அச்சிட்டால் தாளுக்கேற்பப் படத்தைச் சுருக்கிவிடும் வழக்கம் அச்சுப்பொறிகளுக்கு உண்டு. கோடுகள் 3 மி.மீ. தடிப்பில் இருக்கட்டும். 12 மடங்கு பெரிதாக்கினாலும் 50 மீட்டரில் 1 மி.மீ. கோட்டைக் கண் திடமாகப் பிடிக்காது, ஆனால் தடித்த கோடு ஒன்றைக் குறுக்குக்கோடு சரிபாதியாகப் பிரிக்கிறதா என்பதைக் கண் வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்லிவிடும்.

தொலைவைப் பலகையிலிருந்து ஸ்கோப்பின் முகப்புக் கண்ணாடி வரைக்கும் அளக்க வேண்டும். குமிழ் வரைக்கும் அல்ல, கண் வரைக்கும் அல்ல. துணி நாடா இழுபடும், காலடி எண்ணுவது பயன்படாது, எஃகு நாடாவே வேண்டும். தொலைவில் அரை மீட்டர் தவறினால் முடிவில் 1 சதவீதம் தவறும். வெயிலில் நாடா நீளுமே என்ற கவலை மட்டும் தேவையில்லை, 20 பாகை செல்சியஸ் சூடேறினாலும் 50 மீட்டர் எஃகு நாடா 12 மி.மீ.கூட நீளாது.

கண் வைக்கும் இடத்தால் வரும் பிழையை நீக்க, கண்பக்கக் கண்ணாடியை முழுவதும் மூடும் கறுப்பு அட்டை மூடி ஒன்று செய்து, அதன் நடுவில் ஏறத்தாழ 1 மி.மீ. துளையிட்டு, அதன் வழியாக மட்டுமே பாருங்கள். காட்சி மங்கலாகும், ஆனால் கண் இனி அலைய முடியாது. துளை சற்று நடுத்தவறியிருந்தாலும் எல்லா அளவிலும் ஒரே பிழைதான் வரும். ஓரளவிலிருந்து மற்றோரளவைக் கழிக்கும்போது அது தானே நீங்கிவிடும். இந்த ஒரு ரூபாய் அட்டைக்கு நான் கொடுக்கும் மதிப்பை விலையுயர்ந்த எந்தத் துணைக்கருவிக்கும் கொடுக்க மாட்டேன்.

நேரம் முக்கியம். வெயில் ஏறிய பிறகு நம் பக்கத்து வறண்ட நிலத்தில் கானல் எழுந்து கோடுகள் நெளியும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பலகையையே ஆட்டும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது உத்தமம். அந்த வேளையில் பலகையை மேற்கே வைத்து நீங்கள் கிழக்கே அமருங்கள். பலகையில் நல்ல வெளிச்சமும் விழும், ஸ்கோப்பின் வழியே தப்பித்தவறிக்கூடச் சூரியனைப் பார்க்கும் அபாயமும் இராது. அந்த அபாயம் ஒரு நொடியில் கண்ணைப் பறித்துவிடக்கூடியது.

முதலில் குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்பிக் கிளிக்குகளை எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். பக்கவாட்டுக் குமிழையும் அப்படியே செய்யுங்கள். பிறகு தகட்டைச் சாய்த்து, குறுக்குக்கோட்டை உச்சிக் கோட்டின்மேல் கொண்டுவந்து வைஸை இறுக்குங்கள். இப்போது மேல்நோக்கித் திருப்பினால் குறுக்குக்கோடு பலகையில் கீழே இறங்கும். பலர் இதைக் கண்டு குமிழ் தலைகீழாக வேலை செய்கிறது என்று மலைப்பார்கள். குறுக்குக்கோடு கீழே போனால்தான் சுடுபவர் குழலை மேலே தூக்குவார், பெல்லட் மேலே ஏறும். எண்பது கிளிக் திருப்பி, எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

குமிழைத் திருப்பும் விரலே தகட்டை நகர்த்திவிட்டால் எல்லாம் வீண். இதற்குப் பட்டறைக்காரர்கள் வைக்கும் சாட்சி ஒன்றுண்டு. அதே தகட்டில் பழைய மலிவு ஸ்கோப் ஒன்றையும் இறுக்கிவைத்து, அதன் குறுக்குக்கோட்டைப் பலகையிலுள்ள வேறொரு புள்ளியில் நிறுத்திவிடுங்கள். அதைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை திருப்பிய பின்னும் அதன் வழியாகப் பார்த்து, புள்ளி விலகவில்லை என்று உறுதிசெய்த பிறகே அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கும் எண்ணைப் படிப்பதில்தான் சுவை இருக்கிறது. எண்பது கிளிக்குக்கு 291 மி.மீ. வந்தால் ஸ்கோப் சொன்ன சொல் தவறவில்லை. 278 மி.மீ. வந்தால் அவசரப்பட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். 100 கெஜத்துக்கு 1 அங்குலம் என்ற கணக்கையே சிலர் எம்.ஓ.ஏ. என்று பொறித்துவிடுகிறார்கள், உண்மையான எம்.ஓ.ஏ. 1.047 அங்குலம் என்பதால் ஏறத்தாழ 4.5 சதவீதம் குறைவாக வரும். 266 மி.மீ. வந்தால் பலகையின் தொலைவை மறுபடி அளந்து பாருங்கள், 50 மீட்டருக்குப் பதில் 50 கெஜத்தில் வைத்திருப்பீர்கள். இம்மூன்றிலும் சேராத எண், உதாரணமாக 285 மி.மீ., இரண்டு மூன்று முறையும் மாறாமல் வந்தால், ஸ்கோப் 2 சதவீதம் குறைவாக நகர்கிறது என்று பொருள், 285-ஐ 290.9-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.98-ஐ எழுதி வைத்துக்கொண்டு, இனித் தேவைப்படும் கிளிக்கை அதனால் வகுத்துத் திருப்பினால் போதும்.

இந்தச் சதவீதத்துக்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை என்பது என் கருத்து. 20 மீட்டரில் 5 எம்.ஓ.ஏ. திருப்பும்போது 2 சதவீதப் பிழை அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அரை கிலோமீட்டருக்கு அப்பால் சுடுபவருக்குத்தான் அது வாழ்வா சாவா என்ற கணக்கு. உங்களுக்கு வேண்டியது வேறு: திருப்பிய குமிழ் திரும்பி வர வேண்டும். எண்பது கிளிக் மேலே, எண்பது கிளிக் கீழே என்று பத்து முறை போய்வந்து, ஒவ்வொரு முறையும் உச்சிக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். பிறகு அதே எண்ணை ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை கீழிருந்தும் அணுகி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். குமிழின் பக்கவாட்டில் ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டியதும் குறுக்குக்கோடு துள்ளி நகர்ந்தால், உள்ளே ஏதோ சிக்கி நின்று, அதிர்ச்சிக்குப் பிறகே இடம் சேருகிறது என்று அறியலாம்.

அந்த உள்விஷயம் இதுதான். குமிழின் திருகு ஸ்கோப்புக்குள் இருக்கும் சிறு குழாய் ஒன்றைத் தள்ளுகிறது. எதிர்ப்புறத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைத் திருகோடு அழுத்திப் பிடிக்கிறது. கிளிக் என்ற ஓசை குமிழில் உள்ள பற்களிலிருந்து வருகிறது, குழாய் நகர்ந்ததற்கு அது சான்றாகாது. மேல்நோக்கித் திருப்பத் திருப்பத் திருகு பின்வாங்கும், ஸ்பிரிங் தளரும். குழலை மடிக்கும் துப்பாக்கிகள் சிலவற்றில் குழல் சற்றே கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கும். அதை ஈடுகட்டக் குமிழை மேல்கோடிவரை திருப்பி வைத்திருப்பார்கள். தளர்ந்த ஸ்பிரிங்கால் குழாயை உறுதியாகப் பிடிக்க முடியாமல் போய், சுடும் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் அது வேறு வேறு இடத்தில் அமரும். கழற்றுமுன் உங்கள் குமிழ் எந்த எண்ணில் நின்றது என்பதை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். அது மேல்கோடியை ஒட்டியிருந்தால், நடுவில் தேறிய ஸ்கோப்பை அந்த எண்ணிலும் ஒருமுறை சோதியுங்கள். அங்கே மட்டும் தவறினால் ஸ்கோப்பை மாற்றுவது வீண்செலவு. பின்வளையத்தின் அடிப்பக்கம் உயர்ந்த மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் தாங்கும் பிடிப்பு) ஒன்றைப் போட்டால் குமிழ் நடுவுக்கு இறங்கிவிடும்.

எல்லாவற்றிலும் ஸ்கோப் தேறிவிட்டால், மிஞ்சுவது மவுண்ட். ஸ்பிரிங் ஏர் ரைபிள் சுடும்போது முதலில் பின்னோக்கியும் உடனே முன்னோக்கியும் உதறுவதால், ஸ்கோப் ரெயிலில் மெல்ல மெல்லப் பின்னே நழுவும். வளையத்தின் விளிம்பில் ஸ்கோப்பின்மேல் நகப்பூச்சால் ஒரு கோடும், ரெயிலில் ஒரு கோடும் போட்டுவிட்டு ஐம்பது முறை சுட்டுப் பாருங்கள். பல வருடங்களுக்கு முன் நல்ல ஸ்கோப் ஒன்றைக் கோளாறானது என்று நானே திருப்பிக் கொடுத்துவிட்டு, மாற்றாக வந்ததிலும் அதே கோளாறைக் கண்ட பிறகுதான் ரெயில் திருகு தளர்ந்திருந்ததைக் கவனித்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கேள்வி (உடுமலை வாசகர்): மேல்நோக்கித் திருப்பினால் என் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு நேரே இறங்காமல் இடப்பக்கம் ஒதுங்குகிறது. நானே கோணலாகப் பொருத்திவிட்டேனா, செய்யும்போதே கோணலா?

பதில்: தூக்குக்குண்டு நூல் இதற்கும் விடை சொல்லும். ஸ்கோப்பைத் திருகி, குறுக்குக்கோட்டின் செங்குத்துக் கம்பி நூற்கோட்டோடு முழு நீளமும் ஒன்றும்படி முதலில் நிறுத்துங்கள். பிறகு 20 எம்.ஓ.ஏ. திருப்புங்கள். கம்பி நூற்கோட்டின்மேலேயே வழுக்கிக்கொண்டு போனால் ஸ்கோப் நேர். துப்பாக்கியில் பொருத்தியதுதான் கோணல். கம்பி நூலுக்கு இணையாக இருந்தபடியே பக்கவாட்டில் விலகினால், கம்பியும் குமிழின் திருகும் ஒன்றுக்கொன்று கோணலாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 50 மீட்டரில் 291 மி.மீ. இறங்கும்போது 5 மி.மீ. விலகினால் அது 1 பாகைக் கோணல், 15 மி.மீ. என்றால் 3 பாகை. ஒரு பாகையைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று பாகை இருந்தால் தாளோடு கடைக்குப் போய் மாற்றித் தரும்படி உரிமையோடு கேளுங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: பக்கவாட்டுக் குமிழ் ஒரு கோடியில் இருந்தால், உள்குழாய் சுவரைத் தொட்டுக்கொண்டு சரிந்தே இறங்கும், அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுச் சோதியுங்கள்.

கேள்வி (சோமனூர் வாசகர்): தறிக்குடோனை ஒட்டிய எங்கள் மொட்டை மாடியில் 12 மீட்டர்தான் கிடைக்கும். என் ஸ்கோப்பில் முகப்பு வளையத்தைத் திருப்பி 10 மீட்டர் வரை ஃபோகஸ் செய்யலாம். அங்கே சோதிக்கலாமா?

பதில்: திரும்பி வருகிறதா, கோணலாக நகர்கிறதா என்ற இரண்டையும் 12 மீட்டரில் தாராளமாகப் பார்க்கலாம். சதவீதத்தை மட்டும் அங்கே முடிவுசெய்யாதீர்கள். 20 எம்.ஓ.ஏ. அங்கே 69.8 மி.மீ. மட்டுமே, தொலைவில் 30 செ.மீ. தவறினாலே 2.5 சதவீதம் போய்விடும். அதோடு, முகப்பு வளையத்தால் அருகிலுள்ளதை ஃபோகஸ் செய்யும்போது முகப்புக் கண்ணாடி முன்னே நகர்ந்து, ஒவ்வொரு கிளிக்கும் அளக்கும் கோணம் சற்றுச் சிறுக்கிறது. குவியத்தொலைவு 200 மி.மீ. என்று வைத்தால் 12 மீட்டரில் இது 1.7 சதவீதம் ஆகும். ஸ்கோப்பின்மேல் அதை ஏற்றிச் சொல்வது நியாயமாகாது.

சிவில் படித்த உறவினரோ நிலம் அளப்பவரோ உங்களுக்கு இருந்தால், 12 மீட்டர்கூடத் தேவைப்படாத வழியொன்று உண்டு. கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட்டை ஸ்கோப்பின் முகப்புக் கண்ணாடிக்கு எதிரே, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரே உயரத்தில் நிறுத்தி, இரண்டையும் மிகத் தொலைவுக்கு ஃபோகஸ் செய்து, ஸ்கோப்பின் கண்பக்கத்தில் வெள்ளைத் தாளின்மேல் விளக்கொளி விழச் செய்தால், ஸ்கோப்பின் குறுக்குக்கோடு தியோடலைட்டுக்குள் கறுப்பாகத் தெளிந்து நிற்கும். கிளிக்குகளைத் திருப்பிவிட்டு, நகர்ந்த கோணத்தைத் தியோடலைட்டிலேயே நேராகப் படித்துக்கொள்ளலாம். தொலைவும் நாடாவும் இந்தக் கணக்கில் நுழைவதே இல்லை. 5 விகலை (எம்.ஓ.ஏ.யின் 60-இல் ஒரு பங்கு ஒரு விகலை) வரை படிக்கும் மின்னணுக் கருவியென்றால், 20 எம்.ஓ.ஏ. என்பது 1200 விகலை ஆகையால் அரை சதவீதத்துக்குள் விடை வரும். 20 விகலை வெர்னியர் கருவியில் இந்தத் துல்லியம் கிடைக்காது.

கேள்வி (கோவை வாசகி): என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போகிறாள். அவளுடைய ரைபிளின் பின்பார்வையிலும் (கண்ணருகே உள்ள குறிபார்க்கும் பகுதி) கிளிக்குகள் உள்ளன. அதற்கும் இந்தச் சோதனை பொருந்துமா?

பதில்: அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியில்லை, சிறு துளை வழியே முன்வளையத்தைப் பார்க்கும் அமைப்புதான். எனவே பலகையும் நூலும் வேண்டாம், நம் ஊர்ப் பட்டறைகளில் எளிதில் கிடைக்கும், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் போதும். ரைபிளை அசையாமல் பிடித்து, டயல் கேஜின் முனையைப் பின்பார்வையின் நகரும் பகுதியில் தொடவைத்து, பத்துக் கிளிக் திருப்பி, நகர்ந்த தொலைவைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அதைக் குறித்தாளின் தொலைவான 10,000 மி.மீ.யால் பெருக்கி, பின்பார்வைக்கும் முன்பார்வைக்கும் இடையிலுள்ள நீளத்தால் வகுத்தால், ஒரு கிளிக்குக்குக் குறித்தாளில் எவ்வளவு நகரும் என்பது கிடைக்கும். நீளம் 700 மி.மீ., ஒரு கிளிக்குக்கு 0.02 மி.மீ. என்றால், குறித்தாளில் ஏறத்தாழ 0.29 மி.மீ. அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 0.5 மி.மீ. என்பதால், பத்துக் கிளிக்கை மேலே கொண்டுபோய் மறுபடி கீழே கொண்டுவரும்போது டயல் முள் பழைய கோட்டுக்கே திரும்புகிறதா என்பதை ஒன்றுக்கு மூன்று முறை பாருங்கள். திரும்பவில்லையென்றால், ஒவ்வொரு முறையும் ஒரே திசையிலிருந்து திருப்பி முடிக்கும்படி மகளுக்குப் பழக்குங்கள். திருகின் தளர்வு அப்போது அளவில் சேராது.